மான்செஸ்டர் சிட்டியின் ஜெர்மன் கணக்கு

போர்க் கைதியாக வந்த கோல்கீப்பர் முதல் ஒரே சீசனில் மூன்று கோப்பைகளைத் தூக்கிய கேப்டன் வரை… ஓர் இங்கிலாந்து கிளப்பின் வரலாற்றில் ஜெர்மனியின் பக்கங்கள்!

1950 ஜனவரி. லண்டனில் தேம்ஸ் நதியை ஒட்டிய கிராவன் காட்டேஜ் மைதானம். ஃபுல்ஹாம் அணியோடு மோத மான்செஸ்டர் சிட்டி வந்திருக்கிறது. பொன்னிறத் தலைமுடியும் நெடிய உருவமுமாக ஒருவர் கோல் கம்பத்தை நோக்கி நடந்ததும் காலரி கொதிக்கிறது. “நாஜி… நாஜி…” என்ற கத்தல் நாலாபுறமும் எழுகிறது. ஜெர்மானியர்களை இழிவுபடுத்த இங்கிலாந்தில் புழங்கிய வசைகள் ஒன்று பாக்கியில்லாமல் அவர்மீது விழுகின்றன. லண்டன் மீது கடைசி ஜெர்மன் ராக்கெட் விழுந்து ஐந்து வருடங்கள்கூட முடியவில்லை. அங்கே கூடியிருந்தவர்களில் வீட்டையோ உறவையோ பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

சிட்டி அந்த சீசனில் தடுமாறிக்கொண்டிருந்த அணி. கோல்கள் குவியும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால், அந்த ஜெர்மானியர் பாய்ந்தார், தாவினார், காலடியில் விழுந்து பந்தைப் பறித்தார். சிட்டி தோற்றது, ஒரே ஒரு கோலில். விசில் ஊதியதும் காலரி எழுந்து நின்றது. இந்த முறை கைதட்டுவதற்காக! இரு அணி வீரர்களும் கைதட்டி அவரை உள்ளே அனுப்பிவைத்தார்கள்.

அவர் பெயர் பெர்ட் டிரவுட்மன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை ஹிட்லரின் ராணுவத்தில் பாராசூட் வீரர்.

இன்று நிலைமை தலைகீழ். இங்கிலாந்து தேசிய அணிக்கே ஒரு ஜெர்மானியர் பயிற்சியாளர். 2025 தொடக்கத்தில் தாமஸ் டூகல் பொறுப்பேற்றபோது ஒருசில பத்திரிகைகள் முகம் சுளித்தன. ரசிகர்களோ ஜெயித்தால் போதும் என்றார்கள். அதே ஆண்டு கோடையில் ஃப்ளோரியன் விர்ட்ஸ், நிக் வோல்ட்டமாடே என்று ஜெர்மன் லீகின் நட்சத்திரங்கள் வரிசையாக இங்கிலாந்துக்கு விமானம் ஏறினார்கள். ஜெர்மன் கால்பந்து என்ன விதைக்கிறதோ அதை இங்கிலாந்து அறுவடை செய்கிறது என்ற பேச்சு இரு நாடுகளிலும் சூடாக ஓடுகிறது.

இந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள, மான்செஸ்டர் சிட்டியின் கதையைவிட நல்ல வழி இல்லை. பகை, மன்னிப்பு, நட்பு, வியாபாரம் என நான்கையும் ஒரே கிளப் பார்த்திருக்கிறது.

பெர்லினில் உயராத கைகள்

கதை டிரவுட்மனுக்கும் முன்பே தொடங்குகிறது. 1937-ல் சிட்டி முதன்முறையாக இங்கிலாந்து லீக் சாம்பியன் ஆனது. வெற்றிக் கையோடு ஜெர்மனிக்குச் சுற்றுப்பயணம் போனது. பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்பு இரு அணிகளும் வரிசையில் நின்றபோது, விருந்தினர்களும் நாஜி வணக்கம் செலுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சிட்டி வீரர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். கைகளைத் தொங்கவிட்டபடி விறைப்பாக நின்றார்கள். 22 கைகள் உயர வேண்டிய இடத்தில் 11 கைகளே உயர்ந்தன என்று அந்த அணியின் நட்சத்திரம் பீட்டர் டோஹர்ட்டி பின்னாளில் எழுதினார்.

அடுத்த ஆண்டு மே மாதம் அதே மைதானத்தில் இங்கிலாந்து தேசிய அணி அந்த வணக்கத்தைச் செலுத்தியது. அந்தப் புகைப்படம் இன்றும் இங்கிலாந்துக் கால்பந்தின் அவமானமாகப் பேசப்படுகிறது. ஒரு நாட்டின் அணி செய்யத் தவறியதை ஒரு நகரத்தின் அணி செய்திருந்தது.

பிறகு போர். 1940 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரு இரவுகளில் ஜெர்மன் விமானங்கள் மான்செஸ்டரைச் சிதைத்தன. சுமார் 680 பேர் இறந்தார்கள். 1941 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானமும் குண்டுக்கு இரையானது. யுனைடெட்டுக்கு வாடகைக்கு இடம் கொடுத்தது சிட்டி. 1949 ஆகஸ்ட்டில்தான் யுனைடெட் சொந்த வீடு திரும்பியது. அது காலி செய்துபோன சிட்டியின் மெயின் ரோடு மைதானத்துக்கு, இரண்டே மாதத்தில் ஒரு ஜெர்மானியர் வந்து சேர்ந்தார்.

முகாமில் உருவான கோல்கீப்பர்

டிரவுட்மன் 1923-ல் ஜெர்மனியின் துறைமுக நகரமான பிரெமனில், தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பத்து வயதில் ஹிட்லரின் சிறுவர் அமைப்பில் சேர்க்கப்பட்டார். பதினேழு வயதில் தானாகவே ராணுவத்துக்குப் போனார். சோவியத் போர்முனையில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார். உக்ரைன் காட்டில் யூத மக்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்ததாகப் பல்லாண்டு கழித்துச் சொன்னார். போரில் தெரியாமல் சிக்கிக்கொண்ட அப்பாவி என்று அவரை யாரும் வர்ணிக்க முடியாது. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. தன் உண்மையான கல்வி இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

1945-ல் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். விசாரணையில் தீவிர நாஜிகளுக்கான பிரிவில் வைக்கப்பட்டு, பிறகு ஒரு படி கீழிறக்கப்பட்டார். லங்காஷயரில், ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டு ஊரின் போர்க் கைதி முகாம் அவர் இருப்பிடமானது. அங்கே கைதிகள் உள்ளூர் அணிகளோடு கால்பந்து ஆடுவார்கள். களத்தில் ஆடிக்கொண்டிருந்த டிரவுட்மன் ஒருநாள் காயம்பட்டு, கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். அந்த இடத்தை அதன் பிறகு அவர் விடவே இல்லை.

1948-ல் முகாம்கள் மூடப்பட்டன. ஊருக்குப் போகலாம் என்றார்கள். அவர் போகவில்லை. பண்ணையில் வேலை பார்த்தார். ஜெர்மன் விமானங்கள் போட்டு வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றும் பணியிலும் இருந்தார். ஓய்வு நாட்களில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சின்ன கிளப்புக்கு ஆடினார். அவர் ஆட்டத்தைப் பார்க்க ஊரே திரண்டது. பெரிய கிளப்புகளின் காதுக்கு விஷயம் எட்டியது. 1949 அக்டோபரில் சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தது.

மான்செஸ்டர் வெடித்தது.

20,000 பேரும் ஒரு கடிதமும்

சுமார் 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்ற மிரட்டல் கடிதங்கள் கிளப்புக்கு மூட்டையாக வந்தன. மான்செஸ்டர், லண்டனுக்கு வெளியே பிரிட்டனின் பெரிய யூத சமூகங்களில் ஒன்று வாழும் நகரம். அவர்களின் கோபத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு பேர் அந்த அலையின் திசையை மாற்றினார்கள்.

முதலாமவர், சிட்டி கேப்டன் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டியில் ஜெர்மானியர்களுக்கு எதிராகப் போரிட்டவர். டிரவுட்மன் முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, இந்த டிரெஸ்ஸிங் ரூமில் போர் எதுவும் கிடையாது, மற்றவர்களைப் போலவே உன்னையும் வரவேற்கிறோம் என்று சொல்லிக் கை கொடுத்தார்.

இரண்டாமவர், மான்செஸ்டர் யூத சமூகத்தின் தலைமை ரபியாக இருந்த அலெக்சாண்டர் ஆல்ட்மன். பெர்லினில் ரபியாக இருந்து, நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் இங்கிலாந்து வந்தவர். பெற்றோரை நாஜிக் கொலைகாரர்களிடம் இழந்தவர். டிரவுட்மனை எதிர்க்க அவரைவிட உரிமை படைத்தவர் நகரத்தில் யாரும் இல்லை. அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய திறந்த கடிதத்தின் சாரம் இதுதான்: ஜெர்மனி செய்த கொடுமைகளை மறக்க முடியாது, ஆனால், அதற்காக அந்தக் குற்றங்களில் சம்பந்தமில்லாத ஒரு தனி மனிதனைத் தண்டிப்பது நியாயமில்லை. அந்த மனிதனைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

கடிதம் வந்த பிறகு எதிர்ப்பு தணியத் தொடங்கியது. ஆனால், ஒரே நாளில் எல்லோரும் மனம் மாறிவிட்டதாகச் சொன்னால் அது கட்டுக்கதை. வெளியூர் மைதானங்களில் வசை தொடர்ந்தது. அந்த சீசனில் சிட்டி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, அடுத்த சீசனில் மீண்டும் ஏறியது. அத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். வெறுப்பை வென்றது அந்த அன்றாட உழைப்புதான். கடிதம் கதவைத் திறந்தது. உள்ளே வந்து உட்கார இடம் பிடித்தது பந்தைத் தடுத்த கைகள்.

| பெட்டிச் செய்தி: டிரவுட்மன் – சில தகவல்கள் |

• சிட்டிக்காக 1949 முதல் 1964 வரை 545 ஆட்டங்கள்.
• 1955-ல், எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆடிய முதல் ஜெர்மானியர். நியூகாசிலிடம் 3-1 என்று சிட்டி தோற்றது.
• 1956-ல் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த வீரர்’ விருது. அதைப் பெற்ற முதல் கோல்கீப்பர்.
• 1964 ஏப்ரலில் அவருக்காக நடந்த பிரிவுபசார ஆட்டத்தில் சிட்டி, யுனைடெட் வீரர்கள் ஒரே அணியாக ஆடினார்கள். பாபி சார்ல்டன், டெனிஸ் லா உட்பட!
• 2004-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது.
• 2013 ஜூலை 19 அன்று ஸ்பெயினில் மறைந்தார். வயது 89.

உடைந்த கழுத்தோடு 17 நிமிடங்கள்

1956 மே 5. வெம்ப்ளி மைதானம். எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. 1,00,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, பர்மிங்காம் சிட்டியை எதிர்த்து ஆட்டம். அன்றைய சிட்டி, ஹங்கேரி பாணியில் ஆடிய அணி. டான் ரெவி என்ற ஸ்ட்ரைக்கர் முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கிப் பந்து வாங்குவார். அந்தத் திட்டத்தின் முதல் கண்ணி டிரவுட்மன்தான். மற்ற கோல்கீப்பர்கள் பந்தை ஓங்கி உதைத்து விதியிடம் விட்டபோது, அவர் கையால் எறிந்து சக வீரரின் காலடியில் சேர்த்தார். சிறுவயதில் பிரெமனில் ஆடிய ஹேண்ட்பால் ஆட்டத்தின் பயன் அது.

சிட்டி 3-1 என்று முன்னிலை. இன்னும் 17 நிமிடங்கள். பர்மிங்காமின் பீட்டர் மர்ஃபி பந்தோடு பாய்ந்துவர, டிரவுட்மன் அவர் காலடியில் விழுந்தார். மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் மோதியது. மாற்று வீரரை இறக்கும் விதி அப்போது கிடையாது. லீக் ஆட்டங்களில்கூட 1965-ல்தான் அது வந்தது. தலை சுற்ற, கழுத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றார். மீதி நேரத்தையும் ஆடினார். மேலும் சில பந்துகளைத் தடுத்தார். கோப்பை சிட்டிக்கு. பதக்கம் வாங்கப் போனபோது இளவரசர் ஃபிலிப், கழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்டாராம்.

நான்கு நாட்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஐந்து முதுகெலும்புக் கண்ணிகள் இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது கண்ணி இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது கண்ணி அதில் முட்டுக்கொடுத்து நின்றதால்தான் உயிர் தங்கியது.

இந்த 17 நிமிடங்கள் அவரைப் புராண நாயகன் ஆக்கின. அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அவரை ஏற்றுக்கொள்ள இங்கிலாந்துக்கு ஒரு வீரச் செயல் தேவைப்பட்டது போல இந்தக் கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. உண்மையில், கழுத்து உடைவதற்கு முன்பே எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வுதான் பெரிய செய்தி. போர் முடிந்து 11 ஆண்டுகளில், ஒரு முன்னாள் எதிரிப் படைவீரருக்குத் தன் மிக உயர்ந்த கால்பந்துப் பாராட்டை இங்கிலாந்து வழங்கியது.

ஜெர்மனி சாத்திய கதவு

இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. சொந்த நாடு?

1952-ல் ஷால்கே கிளப் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள 1,000 பவுண்டு தருவதாகச் சொன்னது. அதைப்போல இருபது மடங்கு பெறுவார் என்று சிட்டி மறுத்துவிட்டது. மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் அவரைச் சந்தித்தார். பயணச் சிக்கல்களையும் அரசியல் விளைவுகளையும் காட்டி, ஜெர்மனியில் ஆடினால் மட்டுமே தேசிய அணிக்குப் பரிசீலிக்க முடியும் என்று சொல்லிவிட்டார்.

1954 உலகக் கோப்பையை மேற்கு ஜெர்மனி வென்றது. பெர்ன் நகரில் ஹங்கேரியை 3-2 என்று வீழ்த்திய அந்த நாள், போருக்குப் பிந்தைய ஜெர்மனி மீண்டும் தலைநிமிர்ந்த நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. கோல் கம்பத்தில் நின்றவர் டோனி டூரெக். ஐரோப்பாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான டிரவுட்மனின் பெயர் அணியிலேயே இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் ஜெர்மனிக்காக ஆடவில்லை. 1960-ல் இங்கிலாந்து லீகின் பிரதிநிதி அணிக்கு ஆடியதே அவரது அதிகபட்ச ‘சர்வதேச’ அனுபவம்.

அதே ஜெர்மன் கால்பந்து சங்கம் பிறகு அவரை வேறு வேலைக்குத் தேடி வந்ததுதான் வேடிக்கை. 1966-ல் உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோது ஜெர்மன் அணிக்கான தொடர்பாளராக அவர் உதவினார். 1970-கள் தொடங்கி பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று ஜெர்மனியின் சார்பில் கால்பந்து கற்றுத்தரப் போனார். நாட்டுக்காக ஆடத் தகுதியற்றவர், நாட்டின் முகமாக உலகம் சுற்றத் தகுதி பெற்றார்!

அவருடைய சொந்த வாழ்க்கைக்கு இந்தப் புகழ் கேடயமாக இருக்கவில்லை. 1956 இறுதிப் போட்டி முடிந்த சில வாரங்களில் ஐந்து வயது மகன் கார் மோதி இறந்தான். மணவாழ்க்கை அந்தத் துயரத்திலிருந்து மீளவில்லை, 1972-ல் முடிந்தது.

| பெட்டிச் செய்தி: நேருக்கு நேர் – சில முக்கிய மோதல்கள் |

• 1970: கோப்பை வென்றோர் கோப்பை அரையிறுதி. ஷால்கேயில் 0-1 என்று தோற்ற சிட்டி, மெயின் ரோடில் 5-1 என்று திருப்பிக் கொடுத்தது. பிறகு வியன்னாவில் கோப்பையையும் வென்றது.
• 1979: யூ.ஈ.எஃப்.ஏ. கோப்பை காலிறுதியில் போருசியா மோன்ஷென்கிளாட்பாக் சிட்டியை வெளியேற்றியது. அதன்பின் 24 ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் சிட்டிக்கு இடமே கிடைக்கவில்லை.
• 2009: அதே கோப்பையின் காலிறுதியில் ஹாம்பர்க் வென்றது.
• 2019: சாம்பியன்ஸ் லீகில் ஷால்கே மீது 7-0.
• 2023: லைப்ஸிக் மீது 7-0, சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் மட்டும் ஐந்து கோல். காலிறுதியில் பேயர்ன் மியூனிக் மீது 3-0, 1-1.

கிழக்கிலிருந்து வந்த ரோஸ்லர்

டிரவுட்மன் போன பிறகு முப்பது ஆண்டுகள் சிட்டியில் ஜெர்மன் வாசனை இல்லை. 1994 மார்ச்சில் உவே ரோஸ்லர் வந்தார். இல்லாமல் போன நாடான கிழக்கு ஜெர்மனிக்காக ஆடியவர். சிட்டி அப்போது கீழே விழாமல் இருக்கப் போராடிய அணி. ஓடி ஓடி உழைக்கும் இந்த ஸ்ட்ரைக்கரை ரசிகர்கள் உடனே தத்தெடுத்துக்கொண்டார்கள்.

தத்தெடுத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ‘உவேயின் தாத்தாதான் ஓல்ட் டிராஃபோர்டு மீது குண்டு போட்டவர்’ என்று அச்சடித்த டி-ஷர்ட்கள் மான்செஸ்டரில் விற்றன! பரம எதிரியான யுனைடெட்டை வெறுப்பேற்ற, ஒரு காலத்தில் நகரத்தையே அழவைத்த குண்டு நகைச்சுவையாகிவிட்டது. அதை ரசிக்காதவர்களும் உண்டு. நகரத்தில் பலருக்கு அந்தக் குண்டுகள் குடும்பத் துக்கம். ஆனால், டிரவுட்மனைப் பார்த்து ‘நாஜி’ என்று கத்திய தேசத்தில், 45 ஆண்டுகளுக்குள் ஒரு ஜெர்மானியரின் தேசியம் நட்பான கேலிக்கு உரியதாக மாறியிருந்தது. சமாதான ஒப்பந்தம் எதுவும் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது.

ரோஸ்லரும் அதே அன்பைத் திருப்பித் தந்தார். சிட்டி ஜாம்பவான் காலின் பெல்லைப் போற்றும் வகையில் தன் மகனுக்குக் காலின் என்று பெயர் வைத்தார்.

அந்த அணியில் ஜெர்மன் கோல்கீப்பரும் ஒருவர் இருந்தார், ஐக்கே இம்மெல். 1996 மே 5, லீகின் கடைசி நாள். லிவர்பூலுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கிய சிட்டிக்கு ரோஸ்லர் பெனால்டியில் ஒரு கோல் அடித்தார். பிறகு சமன் ஆனது. டிரா போதும் என்ற தவறான செய்தி களத்துக்குள் பரவ, சிட்டி வீரர்கள் பந்தை மூலையில் வைத்து நேரத்தைக் கடத்தினார்கள். டிரா போதவில்லை. சிட்டி கீழ் டிவிஷனுக்குப் போனது. டிரவுட்மன் கழுத்து உடைந்து கோப்பை வென்ற அதே தேதி, சரியாக 40 ஆண்டுகள் கழித்து!

வீரர்கள் வரும் நெடுஞ்சாலை

2008 செப்டம்பரில் அபுதாபி பணம் சிட்டியை வாங்கியது. ஜெர்மனியுடனான உறவு அன்றோடு வேறு முகம் காட்டத் தொடங்கியது.

தொடக்கக்காலப் பெரிய வரவுகளில் ஒருவர் எடின் ஜெக்கோ. பாஸ்னியர், 2011 ஜனவரியில் வோல்ஃப்ஸ்பர்கிலிருந்து வந்தார். 2012 மே 13 அன்று குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக சிட்டியின் அகுவேரோ அடித்த கடைசி விநாடி கோலை உலகம் மறக்காது. அதற்கு இரண்டு நிமிடம் முன்பு சமன் செய்த கோல் ஜெக்கோவுடையது. அடுத்து 2015-ல், அதே வோல்ஃப்ஸ்பர்கிலிருந்து கெவின் டி பிரய்ன. செல்சி தேவையில்லை என்று சுமார் 18 மில்லியன் பவுண்டுக்கு ஜெர்மனிக்கு விற்ற இளைஞர், ஒன்றரை ஆண்டில் சுமார் 55 மில்லியனுக்கு இங்கிலாந்து திரும்பினார். இங்கிலாந்து பொறுமையிழந்து கைவிட்டவரை ஜெர்மனி பட்டைதீட்டித் தந்தது. கூலி மூன்று மடங்கு.

அதன் பிறகு அது நெடுஞ்சாலையே ஆனது. குண்டோகன், ஹாலண்ட், அகாஞ்சி டார்ட்மண்டிலிருந்து; சானே ஷால்கேயிலிருந்து; க்வார்டியோல் லைப்ஸிக்கிலிருந்து; மர்மூஷ் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து.

ஏன் ஜெர்மனி? அங்கே 20 வயது இளைஞனைப் பெரிய ஆட்டத்தில் இறக்கத் தயங்க மாட்டார்கள். ஆட்டத்தின் வேகம் இங்கிலாந்துக்கு நெருக்கமானது. மூன்றாவது காரணம், கிளப்புகளின் உரிமை அமைப்பு. ‘50+1’ என்ற விதிப்படி, ஜெர்மன் கிளப்பில் பெரும்பான்மை வாக்கு அதன் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பணமோ அமெரிக்க நிதி நிறுவனமோ ஒரே கையெழுத்தில் கிளப்பை வாங்கிவிட முடியாது. இதனால் டிக்கெட் விலை கட்டுக்குள் இருக்கிறது. ரசிகனுக்குக் குரல் இருக்கிறது. ஆனால், இங்கிலாந்தின் தொலைக்காட்சிப் பணத்தோடு போட்டியிட முடியாமல், வளர்த்தவரை விற்றுத்தான் கணக்கை நேர்செய்ய வேண்டியிருக்கிறது. விதிக்கு விலக்குகளும் உண்டு. சிட்டிக்கு ஜெக்கோவையும் டி பிரய்னவையும் விற்ற வோல்ஃப்ஸ்பர்க், ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனியின் கையில் இருக்கும் கிளப்.

சிட்டி மீதும் கேள்விகள் குறைவில்லை. நிதி விதிகளை மீறியதாக 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. கிளப் அவற்றை மறுத்துவருகிறது. ஜெர்மன் ரசிகர்கள் ‘50+1’ஐ விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு, கையை நீட்டிக் காட்டும் உதாரணங்களில் ஒன்று சிட்டி.

| பெட்டிச் செய்தி: ஜெர்மனியிலிருந்து சிட்டிக்கு – தோராயமான விலை |

• எடின் ஜெக்கோ, 2011: 27 மில்லியன் பவுண்டு
• கெவின் டி பிரய்ன, 2015: 55 மில்லியன்
• இல்காய் குண்டோகன், 2016: 20 மில்லியன்
• லெராய் சானே, 2016: 37 மில்லியன்
• எர்லிங் ஹாலண்ட், 2022: 51 மில்லியன்
• யோஷ்கோ க்வார்டியோல், 2023: 77 மில்லியன்
• ஒமர் மர்மூஷ், 2025: 59 மில்லியன்

சிந்தனையும் இறக்குமதிதான்

வீரர்களோடு சிந்தனையும் வந்தது. 2016-ல் சிட்டிக்கு வந்த பெப் குவார்டியோலா ஸ்பெயின்காரர். ஆனால், அவர் நேராக வந்தது பேயர்ன் மியூனிக்கிலிருந்து. பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் பார்சிலோனா பாணிக்காரரான அவர், மின்னல் எதிர்த்தாக்குதலை எப்படி அடக்குவது என்ற பாடத்தை மூன்று ஆண்டுகள் ஜெர்மனியில் படித்தார். அங்கே பிலிப் லாமைப் போன்ற பக்கவாட்டு டிஃபெண்டர்களை நடுக்களத்துக்கு நகர்த்திப் பரிசோதித்த உத்தி, பின்னாளில் சிட்டியின் அடையாளமானது. அவர் சிட்டிக்காக முதலில் வாங்கிய வீரர் குண்டோகன்.

கெல்சன்கிர்ஷனில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்த குண்டோகன் சத்தமில்லாமல் ஆடுபவர். 2022-ல் லீகின் கடைசி நாளில் ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 என்று பின்தங்கிய சிட்டிக்கு, மாற்று வீரராக வந்து இரண்டு கோல் அடித்துப் பட்டத்தை மீட்டார். 2023-ல் கேப்டன். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் யுனைடெட்டுக்கு எதிராக 13 விநாடிக்குள் கோல். அந்த இறுதிப் போட்டி வரலாற்றிலேயே வேகமான கோல். அடுத்த வாரம் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் அவரே தூக்கினார். அடுத்த சீசனில், டாட்டன்ஹாமுக்கு எதிராக சோனின் உதையைத் தடுத்து நான்காவது தொடர் லீக் பட்டத்தைக் காப்பாற்றியது ஜெர்மானியரான ஸ்டெஃபான் ஒர்டேகா. மாற்று கோல்கீப்பராகக் களத்துக்கு வந்தவர்!

ஜெர்மனி சிட்டிக்குக் கொடுத்தது மட்டுமில்லை, பறித்ததும் உண்டு. 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சி 1-0 என்று சிட்டியை வென்றது. பயிற்சியாளர் டூகல், கோல் அடித்தவர் காய் ஹாவெர்ட்ஸ். இருவருமே ஜெர்மானியர்கள்.

காலரியிலும் ஒரு மாற்றம். கூட்ட நெரிசலில் ரசிகர்கள் உயிரிழந்த ஹில்ஸ்பரோ மைதானத் துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் நின்றபடி பார்ப்பது தடைசெய்யப்பட்டது. ஜெர்மனியிலோ தடுப்புக் கம்பியோடு கூடிய இருக்கைகளால் அந்த வழக்கம் பாதுகாப்பாகத் தொடர்ந்தது. இங்கிலாந்து ரசிகர்கள் டார்ட்மண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2022 ஜனவரியில் ஐந்து மைதானங்களில் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. அதில் ஒன்று சிட்டியின் எத்திஹாட்.

இரு நாட்டுப் பிள்ளை

சாலை இப்போது இருவழி. சிட்டி அகாடமியில் வளர்ந்து இடம் கிடைக்காத ஜேடன் சாஞ்சோ, 2017-ல் டார்ட்மண்டுக்குப் போய் நட்சத்திரம் ஆனார். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் பதின்வயதுத் திறமைகளுக்கு ஜெர்மனி ஒரு கனவு முகவரி.

இன்னும் சுவையான கதை லூகாஸ் என்மேச்சாவுடையது. ஹாம்பர்கில் பிறந்து, சிட்டி அகாடமியில் வளர்ந்தவர். 2017-ல் 19 வயதுக்கு உட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்காக வெற்றி கோல் அடித்தார். 2021-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் இறுதியில் ஜெர்மனிக்காக வெற்றி கோல் அடித்தார். இரண்டு முறையும் தோற்றது போர்ச்சுகல்! வெளிநாட்டில் ஆடினார் என்பதற்காக டிரவுட்மனுக்கு மூடிய கதவை, இரண்டு பக்கத்திலிருந்தும் திறந்தவர் இவர். குண்டோகனும் சிட்டியில் ஆடியபடியே 2018, 2022 உலகக் கோப்பைகளில் ஜெர்மன் ஜெர்சி அணிந்தார். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுவதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

எது லாபம்?

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. 2011-க்குப் பிறகு ஜெர்மன் லீகுக்குச் சிட்டி கொட்டிய பணம் கோப்பைகளைக் கொண்டுவந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பணம் இருந்தால் வேறெந்தக் கிளப்பும் அதைச் செய்திருக்கலாம். 1949-ல் செய்ததை எல்லோரும் செய்திருக்க மாட்டார்கள். ஊரே எதிர்க்க, ரசிகர்கள் மிரட்ட, ஒரு முன்னாள் எதிரியை அவருடைய திறமைக்காகச் சேர்த்துக்கொண்டு, பதினைந்து ஆண்டுகள் பக்கத்தில் நின்றார்கள். அதற்குத் தேவைப்பட்டது துணிவு. அதைத் தந்தவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியை வெறுக்க எல்லாக் காரணமும் இருந்த ஓர் அகதி.

அகதிகளையும் அந்நியர்களையும் என்ன செய்வது என்று இங்கிலாந்து மறுபடியும் வாக்குவாதம் செய்யும் காலம் இது. ஜெர்மனியிலும் அதே விவாதம்தான். இரு நாடுகளின் அரசியல்வாதிகளும் கால்பந்து மைதானத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை. அவர்கள் ஆல்ட்மனின் கடிதத்தையும் ஒருமுறை படிக்கலாம். ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பை அவனுடைய நாட்டை வைத்து எழுதாதீர்கள் என்பதுதான் அதில் இருப்பது. மான்செஸ்டர் அந்த அறிவுரையைக் கேட்டது. கேட்டதால் அது இழந்தது எதுவுமில்லை.